மேலுக்கு நல்ல தூர்

"நோய் தாக்கிய முக்காலிகளை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும்" என்று பேராசிரியர் சிவசங்கர் வாசித்ததும் வகுப்பே சிரித்தது. கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. மொத்தம் பதினெட்டுப் பேர். அதில் சிரிக்காதவள் எஸ்தர் ஒருத்திதான். அந்த வரியை எழுதியவள் அவள்.

சிவசங்கர் நல்ல மனுஷர். ஆனால் நல்ல மனுஷருக்கும் ஒரு தமாஷ் கையில் கிடைத்துவிட்டால் லேசில் கீழே போட மனசு வராது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். "பலத்த காற்று அடித்தால் கரும்பு விடுதியில் தங்கிவிடும்." ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "எந்த விடுதிம்மா? நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கே, அதுலயா?"

அந்தப் பருவத்தில் மொழிபெயர்ப்புத் தாளுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியத்தில், ஆங்கிலத்தில் இருந்து தமிழில் இல்லாத ஒரு கட்டுரையை ஆளுக்கொன்றாக எடுத்து மொழிபெயர்த்து ஏற்ற வேண்டும். ஏற்றினால் மட்டும் போதாது, அது அங்கே நிலைக்க வேண்டும். நிலைத்தால்தான் மதிப்பெண். எஸ்தர் எடுத்தது கரும்பில் வரும் செவ்வழுகல் நோய் பற்றிய கட்டுரை. சின்னக் கட்டுரை, அதுவும் நம் வீட்டுச் சமாச்சாரம், ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். முடித்தும் விட்டாள். அந்தக் களஞ்சியத்தைக் காவல் காக்கிற தன்னார்வலர்கள் யாரோ அதன் தலையில் மஞ்சள் பெட்டி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். "இது இயந்திர மொழிபெயர்ப்பாகத் தெரிகிறது. ஏழு நாளில் திருத்தப்படாவிட்டால் நீக்கப்படும்."

"மெஷின்ல போட்டியாம்மா? உண்மையைச் சொல்லு."

"இல்ல சார். நானேதான் அகராதி பாத்து எழுதுனேன்."

அதுதான் உண்மை. உண்மையாக இருந்ததுதான் பெரிய மானக்கேடு. அகராதியில் 'ஸ்டூல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதல் அர்த்தம் முக்காலி. இரண்டாவது அர்த்தம் ஆஸ்பத்திரியில் டப்பாவில் கொண்டுவரச் சொல்வார்களே, அது. இரண்டில் கௌரவமானதாகப் பார்த்து எடுத்திருந்தாள், பாவம். 'லாட்ஜ்' என்பதற்கு விடுதி என்று போட்டதும் அப்படித்தான்.

"உங்க வீட்ல கரும்பு போட்டிருக்காங்கன்னு சொன்ன இல்ல?"

"ஆமா சார். மூங்கில்துறைப்பட்டு பக்கம்."

"கரும்புக்காரர் பொண்ணே கரும்புக்கு முக்காலி போட்டா நாங்கள்லாம் எங்கம்மா போறது?"

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறாம் வகுப்பில் அவளைத் திருக்கோவிலூரில் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டதோடு சரி. லீவுக்கு வந்தாலும் அவள் அப்பா அந்தோணிதாஸ் அவளைக் கரும்புக்குள் விட மாட்டார். சோகை இலை முகத்தைக் கிழிக்கும், நீ போய்ப் படி என்பார். படித்தாள். ஆங்கிலத்தில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசெல்லாம் வாங்கினாள். வீட்டுக்கு எதிரே தலைக்கு மேல் நிற்கிற பயிருக்கு மட்டும் அவளிடம் வார்த்தை இல்லை.

வகுப்பு முடிந்ததும் சிவசங்கர் அவளைக் கூப்பிட்டார். இப்போது குரலில் தமாஷ் இல்லை. "அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. இதெல்லாம் அகராதில கிடைக்காது. வீட்ல கேளு. அப்புறம் இதைப் பாரு." காகிதத்தில் சிவப்பு மையில் ஒரு ஆங்கிலச் சொல்லை வட்டம் போட்டிருந்தார். "இந்த 'அப்பேரன்ட்லி' எங்கம்மா போச்சு? மூலத்துல 'அப்பேரன்ட்லி ஹெல்தி'ன்னு இருக்கு. நீ 'நோயற்ற'ன்னு போட்டுட்டே. ரெண்டும் ஒண்ணா?"

"தமிழ்ல சரியா வரல சார். சின்ன வார்த்தைதானேன்னு..."

"சின்ன வார்த்தையை விட்டாதான் அர்த்தம் கவுந்துரும். புரியலன்னா கேளு. பிடிக்கலன்னாலும் எழுது. ஒரு வார்த்தைகூட நடுவுல காணாமப் போகக்கூடாது."

வெளியே வேப்பமரத்தடியில் கமலா காத்திருந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். அவள் எடுத்தது கடுக்காய். மஞ்சள் பெட்டியும் கிடையாது, பச்சைப் பெட்டியும் கிடையாது, ஜம்மென்று நிற்கிறது. "நான் எங்க வூட்ல ஒரு நாள் பூரா கேட்டேன். எங்கம்மா கடுப்பாயி, நீ படிக்கப் போறியா, கடுக்கா பொறுக்கப் போறியான்னு கேட்டுட்டாங்க. நீயும் கேளு. வெக்கப்படாத" என்றாள் கமலா.

சங்கராபுரத்தில் பஸ் மாறி எஸ்தர் வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தை மாசத்துக் காற்று. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்கள் வழியெல்லாம் சோகையை உதிர்த்துவிட்டுப் போயிருந்தன. அவள் அம்மா மார்கரெட் வாசலில் மொச்சைக்காயை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பருப்பில் பாதி குழம்புக்கு, பாதி ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சுண்டலுக்கு. மார்கரெட்டுக்கு வாரத்தில் ஐந்து நாள் ஜெபக்கூட்டம்.

அந்தோணிதாஸ் கொல்லையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். கேழ்வரகுக் களி, மொச்சைக் கருவாட்டுக் குழம்பு. அவர் களியை உருட்டி விழுங்குகிற அழகைப் பார்த்தே வயிறு நிறைந்துவிடும். எஸ்தர் நோட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளு."

"நட்ட ஒரு துண்டுலேருந்து பத்துக் கரும்பு கூட்டமா வருதே, அதுக்கு இன்னா பேரு?"

"தூரு." அவர் நிமிரக்கூட இல்லை. "நட்ற துண்டு கரணை. கரணைல கண்ணாட்டம் இருக்குதே, அது பரு."

"வெட்டுனப்பறம் அந்தத் தூரை அப்டியே வுட்டு வளக்கறது?"

"கட்டைக் கரும்பு. கட்டை வுடறதுன்னுவோம்."

"காத்துல வுழுந்துட்டா?"

"சாஞ்சிட்டுதுன்னுவோம். சாயாம இருக்க நாலு தூரைச் சேத்து சோகையாலயே முறுக்கிக் கட்னா அது விட்டம். இதெல்லாமா காலேஜில கேக்கறாங்க?"

"எல்லாந்தாம்ப்பா கேக்கறாங்க. நான் தூருக்கு முக்காலின்னு எழுதிட்டேன்."

மார்கரெட் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தோணிதாஸ் சிரித்தார். வாயில் களியோடு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் அவரிடம் வந்து ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்கிறாள். இத்தனை வருஷத்தில் ஃபீஸ் ரசீதைத் தவிர வேறு எதற்கும் அவள் நோட்டும் கையுமாக அவர் முன்னால் உட்கார்ந்தது இல்லை. சந்தோஷம் இருக்காதா மனுஷருக்கு? அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் தவறிப்போனது.

"இந்த நோவு வந்த கரும்பைப் பொளந்தா உள்ள செகப்பா இருக்கும்னு போட்டுக்குது. நடுவுல வெள்ளையா ஏதோ வருமாம். எப்டி எழுதறதுன்னு தெரியல."

"செகப்புல குறுக்கால வெள்ளைத் திட்டு. நெடுக்க இல்ல, குறுக்க. அதான் அடையாளம்."

"நாத்தம் அடிக்குமாமே? ஆல்கஹால் மாதிரின்னு போட்டுக்குது."

"புளிச்ச சாராய நாத்தம்."

விஷச் சாராயம் அத்தனை உயிரைக் குடித்த பிறகு கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அந்த வார்த்தையை யாராவது சொன்னால் ஒரு நிமிஷம் பேச்சு நின்று போகும். மார்கரெட் "ஏசப்பா" என்று முணுமுணுத்தாள். அந்தோணிதாஸ் அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். "பொளந்தவொடனே தெரியாது. கொஞ்ச நாழி கழிச்சிதான் மூக்குல ஏறும். கையை எத்தினி வாட்டி கழுவினாலும் போவாது."

எஸ்தர் எழுதிக்கொண்டே வந்தாள். கையைக் கழுவினாலும் போகாது என்று எழுதியதும் பேனா நின்றது. கட்டுரையில் அது இல்லை. படித்தவர்கள் யாரும் அதை எழுதவில்லை.

"நீ எங்கப்பா மோந்து பாத்த?"

அந்தோணிதாஸ் உருட்டிய களியைத் தட்டிலேயே போட்டார்.

"நானெங்க பாத்தேன்? மில்லு ஆளுங்க சொல்லிகினு இருந்தாங்க" என்றார் அவர். பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் பாதிக் களி அப்படியே இருந்தது. அந்தோணிதாஸ் களியை மிச்சம் வைத்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"இன்னாடி கேட்ட? மனுசன் பாதிலயே எழுந்துட்டாரு" என்றாள் மார்கரெட்.

எஸ்தர் நோட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு முன்னால் மோட்டுக்கொல்லை வயலுக்குப் போனாள். ஏழு மாசக் கரும்பு, ஒரு ஏக்கர். ஆனி மாசத்தில் நட்டதும் அவர்கள் போர் வற்றிப்போய், கரணை மண்ணுக்குள்ளேயே காயப் பார்த்தது. அடுத்த கழனிக்காரர் அய்யனார்தான் தன் போரிலிருந்து முந்நூறு அடிக்கு ஓஸ் இழுத்து ரெண்டு மாசம் தண்ணீர் விட்டார். அய்யனாரும் அந்தோணிதாஸும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். தண்ணீருக்கு எதுவும் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் அய்யனார். "தையில என் கழனிக்கு விதைக்கரும்பு உன்கிட்டதான் எடுப்பேன். அது போதும்" என்றார். வருகிற சனிக்கிழமை எடுக்க வருகிறார்.

வரப்பில் நின்று பார்த்தால் கரும்பு பச்சைப் பசேலென்று இருந்தது. உள்ளே நுழைந்தாள். சோகை கையை அறுத்தது. நாலைந்து வரிசை பார் தாண்டியதும் ஒரு இடைவெளி. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே தூர் இல்லாமல் குழி. குழிகள் மண் போட்டு நிதானமாக மூடப்பட்டிருந்தன. மேற்கு மூலையில் எரித்த சாம்பல், ஐப்பசி கார்த்திகை மழையில் கரைந்து கட்டியாகிக் கிடந்தது.

திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டாள்.

"அதுவா? காட்டுப்பன்னி பூந்துட்டுதுன்னு உங்கப்பா சொன்னாரே. மலையிலேருந்து எறங்கி வருதாம். மூணு நாளு சாக்குப் பைய போத்திகினு காவலு காத்தாரு" என்றாள் மார்கரெட்.

புதன்கிழமை கல்லூரியில் கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கமலா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"அந்தக் கட்டுரைல இன்னா எழுதிக்குது?"

"நோவு வந்த வயல்லேருந்து கரணையே எடுக்கக் கூடாதுன்னு. எடுத்தா நட்ற எடமெல்லாம் போவுமாம்."

"அப்ப உங்கப்பா குடுத்தா அவுரு கழனி போச்சி."

"ம்."

"அந்த வரியை எழுதுவியா?"

"எழுதித்தானே ஆவணும்?"

"எழுதிட்டு சனிக்கெழம வூட்டுக்குள்ள உக்காந்துக்குவியா?"

எஸ்தருக்குக் கோபம் வந்தது. கோபம் கமலா மேல் இல்லை. "அவுரு எங்கப்பாடி" என்றாள். கமலா டிபன் டப்பாவைத் திறந்தாள். கொண்டுவந்த பலாக்கொட்டைப் பொரியலில் பாதியை எடுத்து எஸ்தர் டப்பாவில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை எஸ்தர் கல்லூரிக்குப் போகவில்லை. அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மோட்டுக்கொல்லைக்குப் போனாள். அந்தோணிதாஸ் கிழக்கோரத்தில் சோகை உரித்துக்கொண்டிருந்தார். விதைக்கு வெட்டுவதற்கு முன்னால் காய்ந்த சோகையை உரித்துவிட்டால்தான் வெட்டுகிறவர்களுக்குக் கை போகும். அடியிலிருந்து மேலாகக் கையைக் கொடுத்து, ஒரு இழுப்பில் உரித்துப் பாருக்கு நடுவில் போட வேண்டும். பருவில் கை படக் கூடாது.

"நீ எதுக்கு வந்த? போ வூட்டுக்கு."

"சொல்லிக் குடுக்கலன்னா பருவை ஒடிச்சிடுவேன். பாத்துக்க."

அவர் ஒரு கரும்பை உரித்துக் காட்டினார். அவள் அடுத்ததை உரித்தாள். அரை மணி நேரம் அப்படியே உரித்தார்கள். புறங்கையில் ரத்தக்கோடுகள் விழுந்து வேர்வை பட்டு எரிந்தது. வெயில் ஏறியதும் எஸ்தர்தான் ஆரம்பித்தாள்.

"அப்பா, பன்னி வந்தா கரும்பைக் கடிச்சிப் போட்டுட்டுப் போவும். வேரோட தோண்டி எடுத்துக் கொளுத்திட்டு, குழியை மூடிட்டா போவும்?"

அவர் இன்னும் நாலு கரும்பு உரித்தார். ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. அவளுக்குத் தெரிஞ்சா ஜெபக்கூட்டத்துல சொல்லி எல்லாரையும் ஜெபிக்கச் சொல்லுவா. சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சிடும்."

"எத்தினி தூரு?"

"நாப்பத்திரண்டு. ஐப்பசி மழைல தண்ணி நின்னுச்சில்ல, அதுக்கப்பறம் மூணாவது எலை, நாலாவது எலை மஞ்சளாச்சி. தண்ணி ஜாஸ்தியாயிடுச்சின்னு நினைச்சேன். குருத்து காஞ்சதும் ஒண்ணை ஒடிச்சிப் பொளந்தேன். உள்ள செகப்பு." அவர் குரல் தணிந்தது. "ஒண்ணொண்ணா தேடி எடுத்துட்டம்மா. ஒரு தூரு வுடல. மார்கழி பூரா ஒண்ணும் புதுசா வரல. இந்தக் கெழக்கால பக்கம் ஒண்ணுகூட வரல, நீயே பாரு எப்டிக் கீதுன்னு. அய்யனாருக்கு இதுலேருந்துதான் வெட்டிக் குடுக்கப் போறேன். கெட்டதையா குடுப்பேன் அவுனுக்கு?"

எஸ்தர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். "இதுல ஒரு வார்த்தைக்குத்தான் எனுக்குத் தமிழ் கெடைக்கல. வாத்தியாரு வட்டம் போட்டுக் குடுத்துக்கிறாரு. நோய் இல்லாத தூருன்னு இதுல போடல. பாக்கறவங்க கண்ணுக்கு நல்லாத் தெரியற தூருன்னு போட்டுக்குது. அதுக்குள்ளயும் நோவு ஒளிஞ்சிகினு இருக்கலாமாம். அதனால அந்த வயல்ல எந்தத் தூர்லேருந்தும் கரணை எடுக்கக் கூடாதாம். கட்டையும் வுடக் கூடாதாம்."

"அப்டியா போட்டுக்குது?"

"அப்டித்தான் போட்டுக்குது."

அந்தோணிதாஸ் கையிலிருந்த கரும்பை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நல்ல கரும்பு. கணு ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு, மினுமினுவென்று.

"மேலுக்கு" என்றார்.

"இன்னாப்பா?"

"மேலுக்கு நல்லாக்கீற தூருன்னு எழுது. அதான் நீ தேட்ற வார்த்தை."

ஆமாம், அதுதான் வார்த்தை. வாரம் பூராவும் தேடிய வார்த்தை கையில் கிடைத்தும் எஸ்தருக்கு ஒரு பொட்டுச் சந்தோஷம் இல்லை. "எழுதறேன். நாளைக்கு அய்யனார் மாமா வந்தா இன்னா சொல்றது?"

"எழுதறது உன் படிப்பு. எங்கியோ கீறவன் படிப்பான். நான் இந்த ஊர்ல நடக்கணும்மா. அவன் தண்ணி வுடலன்னா இந்தக் கரும்பே இல்ல. தன் கரும்பைக் காய வுட்டு எனுக்கு வுட்டவன். அவன்கிட்ட போயி உன் தண்ணில வளந்ததெல்லாம் அழுவிப்போச்சின்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அந்தத் தண்ணிக்கு நோவைத் திருப்பிக் குடுப்பியா?"

"வாயை மூடு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மகளை அப்படிச் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவரே ஒரு அடி பின்னால் போனார். எஸ்தருக்கு அழுகை வந்தது. அழுதால் பேச முடியாது என்று விழுங்கிக்கொண்டாள்.

"என்னைக் கரும்புக்குள்ள வுடாம படி படின்ன. படிச்சிட்டேன். படிச்சதுல இப்டித்தான் இருக்குது. அங்க அந்த வரியை எழுதிட்டு இங்க வாயை மூடிகினு என்னால நிக்க முடியாதுப்பா. நீ சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். முன்னாடியே உன்கிட்ட சொல்லிட்டேன், அப்பறம் முதுவுக்குப் பின்னால செஞ்சேன்னு சொல்லக் கூடாது."

அவர் அடுத்த பாருக்கு நகர்ந்தார். உச்சி வெயில் வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாராக உரித்தார்கள். அன்று சாயங்காலம் எஸ்தர் வீட்டில் உட்கார்ந்து கட்டுரையை முதல் வரியிலிருந்து திருப்பி எழுதினாள். தூர், கரணை, பரு, குருத்து, சோகை, குறுக்கு வெள்ளைத் திட்டு. ஒரு வரிகூட விடாமல் எழுதி ஏற்றினாள். அந்தோணிதாஸ் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் இருட்டுக் கட்டித்தான் திரும்பி வந்தார். கையை ரொம்ப நேரம் கழுவினார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அய்யனாரின் டிராக்டர் மோட்டுக்கொல்லை வரப்பில் வந்து நின்றது. வெட்டுவதற்கு நாலு ஆட்கள். பனி இன்னும் விலகவில்லை. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. அய்யனார் நல்ல உயரம், பெரிய குரல். வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"இன்னா மச்சான், கல்யாண வூடாட்டம் உரிச்சி சுத்தம் பண்ணி வச்சிக்கிற? பொண்ணு வேற வந்துக்குது. இன்னாம்மா, காலேஜு லீவா?"

"ஆமாங்க மாமா."

அந்தோணிதாஸ் வரப்பில் நின்றிருந்தார். எஸ்தர் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுகிறவர்கள் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்கள். இன்னும் அவர் வாய் திறக்கவில்லை. முதல் ஆள் பாருக்குள் இறங்கினான்.

"மாமா, வெட்டறதுக்கு முன்னாடி ஒரு கரும்பைப் பொளந்து பாருங்க" என்றாள் எஸ்தர். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"இன்னாத்துக்கும்மா?"

"இந்தக் கொல்லைல செவ்வழுகல் இருக்குதுங்க. இதுலேருந்து விதை எடுக்கக் கூடாது."

அய்யனார் அந்தோணிதாஸைப் பார்த்தார். பிறகு கரும்பைப் பார்த்தார். ஒரு கரும்பை அடியோடு வெட்டி, நின்றபடியே நெடுகப் பிளந்தார். உள்ளே பால் வெள்ளை. இன்னொரு தூரில் ஒன்று. அதுவும் வெள்ளை. எஸ்தரே கத்தியை வாங்கி மூன்றாவதைப் பிளந்தாள். பழகாத கையில் கோணலாகப் பிளந்தது. சுத்தமான கரும்பு. அய்யனார் ஒரு துண்டை ஒடித்து மென்று, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பினார்.

"வெல்லமாட்டம் கீது. இன்னா மச்சான், உன் பொண்ணு காலேஜு பாடத்தைக் கொல்லைல வந்து நடத்துது?"

ஆட்கள் சிரித்தார்கள். எஸ்தருக்கு முகம் எரிந்தது. எந்தத் தூரில் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காகிதம். அந்தோணிதாஸ் அப்படியே நின்றிருந்தால் போதும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மகள் சொல்லியாகிவிட்டது, அது இல்லையென்று ஆகிவிட்டது, வண்டி ஏறிவிடும். எல்லாம் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. "அந்தப் பொண்ணைப் பாத்துச் சிரிக்காதீங்க" என்றார் அந்தோணிதாஸ்.

வரப்பிலிருந்து இறங்கி வந்தார். மகள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். தேடவில்லை, தடுமாறவில்லை. ஆறாவது பாரில் நேராகப் போய் ஒரு தூருக்கு முன்னால் நின்றார். பச்சைத் தூர், மற்றதைவிட அதுதான் வாட்டசாட்டமாக இருந்தது. அதில் ஒரு கரும்பு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. இன்னொன்றை வெட்டிப் பிளந்து இரண்டு பாதியையும் அய்யனார் கையில் கொடுத்தார்.

சிவப்பு. குறுக்கே வெள்ளைத் திட்டு.

"நேத்து சாயங்காலம் வந்து பொளந்து பாத்தேன். பத்துத் தூரு பாத்தேன். மூணுல கீது. மேலுக்குத்தான் மச்சான் நல்லாக்கீது" என்றார்.

அய்யனார் கரும்பை மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் ஆனது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்பத் தெரியும் உனுக்கு?"

"ஐப்பசில."

"ஐப்பசி, கார்த்தி, மார்கழி." அய்யனார் விரலை மடக்கினார். பெரிய குரல் இப்போது சின்னதாகிவிட்டிருந்தது. "டெய்லி என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சியேடா."

அய்யனார் அந்த இரண்டு பாதியையும் கீழே போட்டுவிட்டு டிராக்டரிடம் போய், சக்கரத்தில் கையை ஊன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆட்கள் கத்தியும் கையுமாக என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள். எஸ்தர் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை, பக்கத்தில் நின்றாள். அவர் கையிலிருந்து அந்த நாற்றம் அடித்தது.

அய்யனார் போனை எடுத்தார். வீட்டுக்குத்தான் பேசினார். "அருவா பத்தாது. கடப்பாரை நாலு, மம்பட்டி ரெண்டு குடுத்தனுப்பு. ஆமா, இப்பவேதான். கேள்வி கேக்காத." போனை மடியில் செருகிக்கொண்டு திரும்பினார். "உனுக்காவன்னு நினைச்சிக்காத. உன் கொல்லைத் தண்ணி வடியறது என் கழனிலதான். இன்னொரு மழை பேஞ்சிதுன்னா நானும் போவேன். உன் மேல எனுக்கு ஆத்திரம் தீரல. தீர நாளாவும். மொதல்ல தோண்டுவோம்."

"சரி மச்சான்" என்றார் அந்தோணிதாஸ். ஒரு ஏக்கர் கரும்பு. ஏழு மாச வேலை. குரல் உடையாமல்தான் சொன்னார்.

"ஏம்மா, காலேஜு பாடத்துல இதைப் படிச்சிக்கிற இல்ல. தோண்டிட்டு இன்னா செய்யணும்னு போட்டுக்குது? படி. எல்லாரும் கேளுங்கடா."

எஸ்தர் போனைத் திறந்தாள். நேற்றுச் சாயங்காலம் அவள் ஏற்றிய கட்டுரை. படிக்க ஆரம்பித்தாள். தூரை வேரோடு தோண்டுவது, குழியில் மருந்து ஊற்றுவது, சோகையோடு சேர்த்து அங்கேயே எரிப்பது, அந்த வயல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகாமல் வரப்பைக் கட்டுவது, நெல்லோ வேறு பயிரோ மாற்றி வைப்பது. நாலு ஆட்களும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒருத்தரும் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. மருந்து ஊற்றுகிற இடத்தில் மட்டும் ஒருத்தர், குழிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"இந்த வயலில் கட்டை விடக் கூடாது. நிற்கிற பயிர் முழுவதையும்..." என்று வந்ததும் நிறுத்தி நிமிர்ந்தாள். எதிரில் ஒரு ஏக்கரும் நின்றுகொண்டிருந்தது. அடுத்த வார்த்தை கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை.

அந்தோணிதாஸ் தலைத்துண்டை அவிழ்த்து உதறி, இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"நிறுத்தாத பாப்பா. முழுசாப் படி" என்றார்.

எஸ்தர் படித்தாள்.